நோர்வேயிலிருந்து வந்த வண்டுப் புழுக்கை

என் வாழ்நாளில் நான் சட்டவிரோதமாக வைத்திருந்த ஒரே பொருள் வண்டின் புழுக்கை. ஊரில் எத்தனையோ சோதனைச் சாவடிகளைக் கடந்தவன் நான். அங்கெல்லாம் என் பையைக் கொட்டினால் குடையும் அரை றாத்தல் பாணும்தான் விழும். தொண்ணூறுகளின் நடுவில், ஆக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டன் வாடகை வீட்டில், நாற்பத்தைந்து வயதில்தான் எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது.

தொடக்கிவைத்தவர் அத்தான். என் அக்காவின் கணவர். அகதியாக நோர்வேக்குப் போய், கொஞ்சக் காலம் மீன் வெட்டி, பிறகு ஒரு சின்ன நகரத்துத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் வேலையில் அமர்ந்தவர். அந்தத் தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டம் வருமாம். பல் வைத்தியர், பஸ் சாரதி, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒருவரும் விஞ்ஞானி இல்லை. கழுத்தில் லென்சைக் கட்டிக்கொண்டு உக்கிய கட்டைகளுக்கு முன்னால் முழந்தாளில் நிற்பார்கள். அருகிப்போன பூச்சிகளில் எது எங்கே மிஞ்சியிருக்கிறது என்று குறிப்பெடுப்பார்கள். அது குடியிருக்கும் மரத்தை யாராவது வெட்ட வந்தால் நகரசபையோடு மல்லுக்கட்டுவார்கள். இது அவர்களுடைய பொழுதுபோக்கு. புல் வெட்டப் போன அத்தானும் ஒரு நாள் முழந்தாளில் நின்றார். அதோடு அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது இல்லாமல் போனது.

ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது.

"தம்பி, எங்கடை தோட்டத்து ஓக் மரத்தைத் தறிக்கப் போறாங்களாம். உள்ளுக்கை உக்கிப் பொந்தாகிக் கோறை விழுந்து போச்சாம்."

"கோறை எண்டால் தறிக்கத்தானே வேணும் அத்தான்?"

"விசரன் மாதிரிக் கதையாதை. அந்தக் கோறைக்குள்ளைதான் அது இருக்குது."

"எது?"

"வண்டு. இந்தப் பக்கத்திலை கன காலமா ஒருத்தரும் காணாத வண்டு."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் புழுக்கையைக் கண்டனான்" என்றார்.

அந்த வண்டின் புழு கிழட்டு ஓக் மரத்தின் கோறைக்குள் வருடக்கணக்காக உக்கல் மரத்தைத் தின்று கொண்டே இருக்குமாம். தின்றால் வருவது வரத்தானே செய்யும். அந்தப் புழுக்கையின் அளவையும் வடிவத்தையும் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்களாம்.

"அப்ப உங்கடை ஆக்களிட்டைக் காட்டுங்கோவன்."

"போன வருசம் ஒரு வண்டைக் கொண்டுபோய் அரிய வண்டு எண்டு சொன்னனான். அது சும்மா சாணி வண்டு. பல் வைத்தியர் இன்னும் சிரிச்சு முடியேல்லை."

விஷயம் இதுதான். அந்தச் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர் இப்போது மகளோடு ஆக்லாந்தில் இருக்கிறார். நகரத்தின் தெற்கே தகனினியில், குதிரை பழக்கும் ஒருவரை மகள் கட்டியிருக்கிறார். பெரியவர் எழுத்தில் ஒரு வார்த்தை தந்தால் நகரசபை கேட்கும். மூன்று கிழமையில் நகரசபைக் கூட்டம். கடிதம் வந்தால் மரம் நிற்கும், வராவிட்டால் விறகு. மனிசருக்காகக்கூட அத்தான் இப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

ஒரு கலியாணத்துக்காக ஒஸ்லோவிலிருந்து வந்த தம்பதியின் கையில் பார்சல் வந்தது. யார் விமானம் ஏறினாலும் அவர் தலையில் நாலு வீட்டுப் பார்சலைக் கட்டுவது எங்கள் வழக்கம். உள்ளே இரண்டு பிலிம் றோல் டப்பிகள். ஒன்றில் புழுக்கை, மற்றதில் அங்குள்ள கோயிலின் திருநீறு என்று அத்தான் சொல்லியிருந்தார். எதிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எயார்போர்ட்டிலை கேட்டவங்களோ?" என்றேன்.

"ஒருத்தரும் கேக்கேல்லை. நாங்களும் சொல்லேல்லை" என்று அந்த மனிதர் பெருமையாகச் சொன்னார். இந்த நாட்டில் ஒரு அப்பிள் பழத்தை அறிவிக்காமல் கொண்டுவந்தவனையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். மோப்ப நாய் வீட்டுக் கதவைப் பிறாண்டுவது எனக்கு அப்போதே கேட்டது. புழுக்கைக்காக நாடு கடத்தப்பட்ட முதல் தமிழன் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அத்தான் எல்லாவற்றையும் அவணில் வைத்துச் சூடுகாட்டித்தான் அனுப்பியிருந்தார், உயிருள்ளது எதுவும் அதில் இல்லை. அது புத்திக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை.

டப்பிகளைத் திறக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் மூளை இருந்தது. ஒரு டப்பியின் மூடி மூன்று சுற்று ஒட்டுநாடாவால் இறுக்கப்பட்டிருந்தது. மற்றது சும்மா மூடியிருந்தது, மூடியில் ஊசித் துளைகூட இருந்தது. ஆபத்தானதைத்தானே இறுக்கி ஒட்டுவார்கள்? ஒட்டியதைக் கராஜில் ஒரு பழைய பெயின்ற் வாளிக்குள் ஒளித்தேன். மற்றதை மனைவியிடம் கொடுத்தேன்.

"இந்தாரும், அக்கா அனுப்பின சாமிச் சாமான்."

அடுத்த சனிக்கிழமை தகனினிக்குப் போனேன். மோட்டர்வேயில் டப்பி பக்கத்து இருக்கையில் இருந்தது. அதற்கு சீற் பெல்ற் போட்டிருந்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெரியவர் எண்பதைத் தாண்டியவர், நெடிய மெலிந்த உருவம். சமையலறை மேசையில் நுணுக்குக்காட்டி தயாராக இருந்தது. அவர் நாடாவைக் கிழிக்கத் தொடங்கியதும் நான் "கொஞ்சம் காற்று வாங்கிக்கொள்கிறேன்" என்று பின்பக்கத்துக்கு நழுவி விறகுக் குவியலில் சாய்ந்து நின்றேன். என் தோளுக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்தது. வெட்டுக்கிளிக்கும் கரப்பானுக்கும் பிறந்தது போல, என் விரல் நீளத்தில், முள்ளுக் கால்களோடு ஒரு வேட்டா. இந்த நாட்டுப் பூச்சி. மீசையை ஆட்டி என்னைப் பார்த்தது. செத்த புழுக்கைக்குப் பயந்து உயிருள்ள பூச்சியின் மடியில் போய் விழுந்த புத்திசாலி நான். வந்த வேகத்தில் சமையலறைக்குள் திரும்பினேன்.

பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேலி இல்லை, குழப்பம்.

"இது வண்டு இல்லை. புல் தின்ற மிருகத்தின் சாணம். பசுவாக இருக்கலாம். மிகவும் நன்றாக எரித்திருக்கிறார்கள். ஏன் எரித்தார்கள்?"

மேசையில் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது திருநீறு. ஒரு துகள் தரையில் சிந்தி யாராவது மிதித்துவிடக் கூடாதென்று அக்கா மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறார். பூஞ்சணம் பிடிக்காமல் காற்றுப் போகட்டும் என்று அத்தான் புழுக்கை மூடியில் துளை போட்டிருக்கிறார். இரண்டுமே சரியான காரியம். நடுவில் நான்.

வீட்டுக்கு வந்த வேகத்துக்கு போலீஸ் பிடித்திருந்தால் அதையும் அத்தான் கணக்கில் எழுதியிருப்பேன். மனைவி சாமித் தட்டுக்கு முன்னால் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டப்பி எங்கை?"

"எந்த டப்பி? தசாங்கமோ?"

"என்ன தசாங்கம்?"

"அக்கா அனுப்பினதுதான். மண்ணிறத்திலை, குறுணி குறுணியா. மரப்பட்டை மணம். நேற்று வெள்ளிக்கிழமையெல்லோ, சாம்பிராணியோடை தணலிலை போட்டனான்."

நேற்று மாலை வேலையிலிருந்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது மூச்சை நன்றாக இழுத்து, "இண்டைக்குச் சாம்பிராணி நல்ல வாசமாயிருக்கு" என்று சொன்னவன் நான். சொன்னதோடு நிற்கவில்லை. புகையைக் கையால் அள்ளிக் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னபோது அவள் முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"திறந்து பாக்கிறதுக்கு என்னப்பா பயம்? புழுக்கை பறக்குமோ?"

"பறந்தால்?"

"கடவுளே! உங்களை நம்பி அந்த மனுசன் ஒரு மரத்தை விட்டிருக்கிறாரே."

டப்பியின் அடியில் ஒரு சிட்டிகை மிஞ்சியிருந்தது. எண்ணிப் பார்த்தேன், முழுசாக ஏழு. மற்றதெல்லாம் தூள்.

ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போனோம். அவள் உழுந்து வடை சுட்டு எடுத்துக்கொண்டாள். குற்றம் செய்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம். பெரியவர் அவளிடம் திருநீற்று டப்பியை இரண்டு கையாலும் நீட்டினார். மேசையில் ஒரு துகள் இல்லை. அது சாமிச் சாமான் என்று முதல்நாள் நான் சொல்லிவிட்டு ஓடியதால், எல்லாவற்றையும் கடதாசியால் கூட்டி உள்ளே போட்டிருந்தார். பிறகு ஏழையும் வரிசையாக வைத்து நெடுநேரம் பார்த்தார். இந்த முறை நான் அங்கேயே நின்றேன். அவள் என் சட்டையைப் பின்னால் பிடித்திருந்தாள் என்பதும் ஒரு காரணம்.

"பெரிய வண்டின் புழு. சந்தேகமில்லை" என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனால் இரண்டு வண்டுகளில் எதுவாகவும் இருக்கலாம். ஒன்று அங்கங்கே உண்டு. மற்றது உங்கள் அத்தான் சொல்வது. கை நிறைய இருந்தால் இன்னும் கொஞ்சம் சொல்லலாம். இதை வைத்து முடியாது."

கை நிறைய இருந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும்.

"இஞ்சாருங்கோ" என்று அவள் என் காதில் சொன்னாள். "ஒரு வரி கூட்டி எழுதினால் என்னவாம்? மரம் தப்புமெல்லோ. கேளுங்கோ."

கேட்டேன். இங்கிலீசில் எவ்வளவு பவ்வியம் உண்டோ அவ்வளவையும் போட்டுக் கேட்டேன். பெரியவர் கோபப்படவில்லை. "எழுதலாம். ஒரு நாள் அது பிழை என்று தெரிந்தால், இதற்கு முன் நான் பார்த்து எழுதிய ஒன்றையும் நம்பமாட்டார்கள். அந்தக் குறிப்புகளால் நிற்கும் மரங்களும் இருக்கின்றன" என்றார்.

ஒரு தாளில் நோர்வே மொழியில் ஆறு வரி எழுதிக் கையெழுத்திட்டார். என்ன எழுதினீர்கள் என்றேன். "இருக்கலாம் என்று" என்றார்.

மிஞ்சிய புழுக்கையை எடுத்து விறகு அடுப்புக்குள் போட்டார். "இதை நீங்கள் அறிவித்திருக்க வேண்டும். அங்கே இது பொக்கிஷம். இங்கே உயிரோடு வந்தால் இந்த நாட்டுப் பூச்சிகளுக்கு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது."

"நானும் இதைத்தானே செய்தனான்" என்று மனைவி முணுமுணுத்தாள். நல்ல வேளை, தமிழில்.

திங்கட்கிழமை, நான் வேலை செய்த பென்ரோஸ் கிடங்கின் அலுவலகத்திலிருந்து கடிதத்தை அத்தானுக்கு ஃபாக்ஸ் பண்ணினேன். முதல் தடவை பதற்றத்தில் தாளைக் கவிழ்த்து வைத்து வெறும் பக்கத்தை அனுப்பினேன். இரண்டாம் தடவை சரியாகப் போனது. போன பிறகுதான் யோசித்தேன். அத்தான் கேட்டது 'அதுதான்' என்ற கடிதம். நான் அனுப்பியது 'இருக்கலாம்'. அவருடைய மரத்தை நான் புகையாக்கி முகர்ந்துவிட்டேன். அன்றிலிருந்து மூன்று நாள் தொலைபேசி அடித்தால் மனைவியைத்தான் எடுக்கச் சொன்னேன். நான்காம் நாள் அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, கடிதம் கிடைச்சுது!" அத்தான் கத்தினார். "இருக்கலாம் எண்டு எழுதியிருக்கிறார்! கையெழுத்தோடை!"

"ஓம் அத்தான். இருக்கலாம் எண்டுதான்..." நான் சாம்பிராணிக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"காணுமடா! அது காணும்! சபைக்கு அவ்வளவும் போதும்!"

கூட்டம் முடிந்து திரும்பவும் எடுத்தார். நகரசபை தறிப்பை நிறுத்திவிட்டதாம். முறியக்கூடிய கொப்பை மட்டும் வெட்டி, மரத்தைச் சுற்றி வேலி போடப் போகிறார்களாம். அந்த வண்டு இருக்கிறது என்று யாராவது நிரூபித்தார்களா என்றேன். இல்லையாம். சந்தேகம் இருக்கிறதாம், அதனால் தொடக்கூடாதாம்.

சந்தேகத்தின் பேரில் ஆளைக் கொண்டுபோவார்கள் என்பதுதான் நான் வளர்ந்த சட்டம். ஊரில் பக்கத்துத் தெருப் பெடியனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அத்தானையும் ஒரு முறை கொண்டுபோய் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அந்த மனிதர் இப்போது சந்தேகத்தின் பேரில் ஒரு மரத்தை விட்டுவிட்டார்கள் என்று சந்தோஷமாகச் சொல்கிறார். அவருக்கு அது விசித்திரமாகப் படவில்லையா, அல்லது படுவதால்தான் இவ்வளவு சந்தோஷமா? கேட்க எனக்குத் துணிவில்லை. சாம்பிராணிக் கதையையும் அன்று சொல்லவில்லை.

"அப்ப அந்த வண்டு இருக்கோ, இல்லையோ அத்தான்?"

"தெரியாது. இனித்தான் பாக்கவேணும். பல் வைத்தியரும் வாறாராம்."

"எப்ப தெரியும்?"

"அது வெளியிலை வந்தால்."

"வராட்டி?"

"வராட்டி என்ன? இருந்து பாக்கிறதுதான்."

தொலைபேசியை வைத்தேன். மனைவி அடுப்படியிலிருந்து வந்து, "என்னவாம்?" என்றாள்.

"மரம் நிக்குதாம்."

"அப்ப வண்டு?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை" என்றேன்.