கப்டன் திரும்பி வந்த ஞாயிறு

செத்தவனைத் திரும்பக் கொண்டுவருகிற கதாசிரியனைச் செருப்பால் அடிக்க வேண்டும். கோபத்தில் சொல்லவில்லை. அந்த எபிசோட் வந்து ஒரு மாதமாகிறது, ஆறுதலாக யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாக ஓடுகிற விண்வெளித் தொடர் அது. ஒரு கப்பல், அதற்கு ஒரு கப்டன், அதில் நாற்பது பேர், வாரத்துக்கு ஒரு கிரகம். எந்தக் கிரகத்துக்குப் போனாலும் பாறை அதே பாறைதான், வெளிச்சத்தை மட்டும் ஒரு வாரம் பச்சையாகவும் மறு வாரம் ஊதாவாகவும் போடுவார்கள். வேற்றுக்கிரகத்து ஆள் என்றால் நெற்றியில் ஒரு புடைப்பு. அவ்வளவுதான் அவர்களுடைய விஞ்ஞானம். கேப்பையில் நெய் வடிகிறது என்று சொல்கிறவனுக்கு வெட்கமில்லை, இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற எங்களுக்கும் புத்தியில்லை. நான் பார்ப்பது அம்மாவுக்காக. அம்மா ஒரு ஞாயிறு தவறவிடமாட்டாள்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்குகிற அளவுக்குப் பேசுவாள், வாசிக்க வராது. அந்தத் தொடருக்குப் படத்தின் அடியில் ஓடுகிற தமிழ் எழுத்தே கிடையாது. சிங்கள எழுத்தை மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் வீட்டிலிருந்தபடி செய்து இணையத்தில் போடுகிறார். சும்மா போடுவதில்லை. முதல் மூன்று நிமிடமும் கப்பல் படத்துக்கு மேலே தன்னுடைய சோகத்தை எல்லாம் எழுதிவிடுவார். தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுகிறது, கரண்ட் போய்விட்டது, பிந்தியதற்கு மன்னித்து நன்றாக ரசியுங்கள் என்று. அதை எல்லாம் கடந்து கதை தொடங்கியதும், நான் சிங்களத்தை வாசித்து வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போக வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் இந்த வேலையை அப்பா பார்த்தார். புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவர் கொழுந்து லொறி ஓட்டினார். கப்டன் கப்பல் ஓட்டுகிற விதத்தில் அவருக்கு மரியாதையே இல்லை. "எதுத்தாப்புல பஸ் வராத ரோட்டுல எவனும்தான் ஓட்டுவான்" என்பார். சிங்கள எழுத்தில் உள்ளது பாதி, அவருடைய சொந்தச் சரக்கு பாதி. விண்வெளிப் படையின் தலைவர்கள் எல்லாம் அப்பாவின் வாயில் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை ஆகிவிடுவார்கள், கப்டன் அவர்களைத் தோட்டத்துப் பாஷையில் திட்டுவான். அம்மா சிரித்துச் சிரித்து அடுப்பில் சோறு குழைந்து போன நாட்கள் உண்டு.

அப்பா இல்லாமல் போய் ஒன்பது வருடம். மழைக்காலத்தில் ஒருநாள் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு மேலே இருந்த மேடு சரிந்து வந்தது. நான் கண்டியில் வகுப்பில் இருந்தேன், அம்மா கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றாள். மண்ணுக்குள் போனவர்களை ஒவ்வொருவராக எடுத்தார்கள். அப்பாவை மட்டும் எடுக்கவில்லை. கொஞ்சம் முன்னால்தான் அவர் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்ததாக ஒரு ஆள் சொன்னான். பார்த்தது அவரைத்தானா என்று திருப்பிக் கேட்டால், தலையைச் சொறிந்துகொண்டு "அப்படித்தான் இருந்துச்சு" என்றான். அந்த வாயை வைத்துக்கொண்டு அவன் சும்மா இருந்திருக்கலாம்.

அவனுடைய அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு அம்மா இரண்டு வருடம் இருந்தாள். கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் நான் வாடகைக்கு எடுத்த மேல்வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகும், வாசலில் பஸ் நின்றால் ஜன்னலுக்குப் போவாள். ஒரு நாளைக்கு எத்தனை பஸ் நிற்கும்? அத்தனைக்கும் போவாள். காரியம் செய்துவிடுவோம் என்று சொந்தக்காரர்கள் சொன்னால், "ஒடம்பக் காட்டு, செய்றேன்" என்று ஒரே பேச்சு. சொந்தக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கருமாதிச் சாப்பாடு தள்ளிப்போகிற கவலை அவர்களுக்கு.

அப்போதுதான் தொடரில் கப்டன் செத்தான். கப்பலைக் காப்பாற்ற எஞ்சின் நெருப்புக்குள் குதித்தான், ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை. கப்பலில் இருந்தவர்கள் வரிசையாக நின்று, வெறும் பெட்டிக்குள் அவனுடைய தொப்பியை வைத்து மூடி, விண்வெளியில் விட்டார்கள். எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று தோன்றியது. "பாரும்மா, ஒடம்பு இல்லாமலே அனுப்பி வைக்கிறாங்க. அவன் பொண்டாட்டியே பக்கத்துல நின்னு அனுப்புறா" என்றேன். மறுநாள் காலையில் அவளாகவே வந்து, "ஐயரப் பாத்து நாள் கேளு" என்றாள். மகாவலிக் கரையில் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து அதற்குக் காரியம் பண்ணினோம். அம்மா தாலியைக் கழற்றினாள்.

உலகத்தில் வேறு எவளாவது ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டுத் தாலியைக் கழற்றியிருப்பாளா என்று எனக்கு எத்தனையோ தடவை சிரிப்பு வந்திருக்கிறது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தத் தொடருக்கு நன்றியும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அம்மா ஜன்னலுக்குப் போகவில்லை. ஏழு வருடம் நிம்மதியாகச் சாப்பிட்டாள், தூங்கினாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் வேலை முடிந்து வரும்போது கீழ்வீட்டு மாஸ்டர் படியடியில் காத்து நின்றார். யாழ்ப்பாணத்து மனிதர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவரும் அந்தத் தொடரின் பக்தர், எங்களுக்கு ஒருநாள் முந்திப் பார்த்துவிடுவார்.

"பிள்ளை, புது எபிசோட் பாத்திட்டீரே?"

"இல்ல மாஸ்டர், நாளைக்குத்தான்."

"அம்மாவோட இருந்து பாக்காதேயும். கப்டன் திரும்பி வாறான்."

"எந்தக் கப்டன்?"

"செத்துப்போன அந்தக் கப்டன்தான். சாகேல்லையாம். வேற ஒரு உலகத்துக்குள்ள விழுந்திட்டானாம், ஏழு வருசமா வழி தேடினவனாம்." அவருடைய கண் கலங்கியிருந்தது. "நான் அழுதிட்டன் பிள்ளை. ஓம், நல்லாத்தான் எடுத்திருக்கிறாங்கள்."

நல்லாத்தான் எடுத்திருக்கிறாங்களாம்! வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த மனிதர், செத்தவன் திரும்பி வந்ததுக்கு அழுகிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கதை எழுதச் சரக்குத் தீர்ந்துபோனால் கடையை மூடுவதுதானே? பழைய குருடி கதவைத் திறடி என்று அவனையே தோண்டி எடுத்து வருகிறார்கள். அவர்களை நம்பி இங்கே ஒருத்தி தாலியைக் கழற்றி ஆற்றில் போட்டிருக்கிறாள். அது அவர்களுக்குத் தெரியப்போகிறதா? அம்மா மறுபடி ஜன்னலில் போய் நின்றால் அவளைத் திருப்பிக் கூட்டி வர இனி என்னிடம் எந்தத் தொப்பியும் இல்லை.

ஞாயிறு காலையில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்தேன். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பியும் பார்க்கவில்லை. "நேத்துக் கீழ கப்பல் பாட்டுக் கேட்டுச்சே. அவருக்கு மட்டும் எப்படி வேல செய்யுது? போடு" என்றாள்.

வேறு வழியில்லாமல் போட்டேன். அம்மா ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்த தட்டோடு கதிரையில் வந்து உட்கார்ந்தாள். நான் ஒரு முடிவோடுதான் இருந்தேன். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம் எல்லாம் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொடுப்பது என் தொழில். உள்ளதை உள்ளபடியே மாற்றுவேன் என்று சத்தியப்பிரமாணம் செய்து முத்திரை வாங்கியிருக்கிறேன். ஒரு சொல்லையும் கூட்டியோ குறைத்தோ எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்குக் கூட்டினேன்.

கதவு திறந்து கப்டன் உள்ளே வந்தான். தாடி நரைத்திருந்தது.

"அடியே, இவன் செத்தவனில்ல?" என்றாள் அம்மா. கையில் எடுத்த ரொட்டி அப்படியே நின்றது.

"அது அவன் இல்லம்மா. எதிரிங்க அவன் மாதிரியே ஒரு பொம்மை செஞ்சு அனுப்பியிருக்காங்க."

"பொம்மைக்கு எதுக்குடி தாடி நரைச்சிருக்கு?"

"சந்தேகம் வரக்கூடாதுன்னு நரைக்க வச்சிருக்காங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. திரையில் அவன் ஏழு வருடக் கதையைச் சொல்கிறான், நானோ அவன் கப்பலின் இரகசிய எண்ணைக் கேட்கிறான் என்கிறேன். அவன் விம்முகிறான், நான் பொம்மைக்குள் ஏதோ பழுது என்கிறேன். கப்டனுடைய மனைவி அந்தக் கப்பலின் டாக்டர். அவள் ஓடி வந்து அவனைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள்.

"மூக்குல சளி வடியுது" என்றாள் அம்மா.

நான் சத்தத்தைக் குறைத்தேன்.

"பொம்மைக்குச் சளி வடியுமாடி?"

"வடியுற மாதிரி..."

"நிப்பாட்டு."

நிறுத்தினேன். அம்மா விரலில் ஒட்டியிருந்த சம்பலைத் தட்டின் ஓரத்தில் துடைத்தாள். அவள் உடைந்து போவாள், ஜன்னல் பக்கம் திரும்புவாள் என்று நான் கதிரையின் நுனியில் இருந்தேன். அவளோ என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்படி ஓர் இளக்காரமான பார்வை நான் அந்தத் தொடர்க்காரர்களைக்கூடப் பார்த்ததில்லை.

"உனக்குப் பொய் சொல்ல வராது. உங்கப்பா சொன்னா பொய்யும் நல்லா இருக்கும். எதுக்கு இந்தக் கூத்து?"

"இவன் வந்ததப் பாத்துட்டு நீ மறுபடி பழைய மாதிரி... அவனோட பெட்டியப் பாத்துத்தானே நீ காரியத்துக்கே ஒத்துக்கிட்டே?"

அம்மா சிரித்துவிட்டாள்.

"அடிப் பாவி! ஒரு தொப்பியப் பாத்துட்டுத் தாலியக் கழட்ட நான் என்ன பைத்தியக்காரியா? நாடகம்னு எனக்குத் தெரியாதா? ஒங்க படிப்புல தீய வைக்க!"

"அப்ப எதுக்கும்மா செஞ்சே?"

"அன்னைக்கு அந்தப் பெட்டி போனப்ப நீ அழுதே. உங்கப்பா போயி ரெண்டு வருஷமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத புள்ள, எவனோ வெள்ளக்காரன் தொப்பிக்கு ஏங்கி ஏங்கி அழுதே. ராத்திரி முழுக்க யோசிச்சேன். ஒரு காரியம் செஞ்சு முடிச்சாத்தான் இவளுக்கு ஆறும்னு தோணுச்சு. செஞ்சேன். அது ஒனக்குச் செஞ்சதுடி. எனக்கில்ல."

நான் அழுதது எனக்கு ஞாபகமே இல்லை. ஏழு வருடமாக அம்மாவை ஒரு நாடகப் பைத்தியம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு, அவளைச் சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்ட பெருமையோடு நான் நடமாடியிருக்கிறேன். செருப்படி யாருக்கு விழவேண்டும் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அப்ப ஜன்னல்ல நிக்கிறத ஏன் விட்டே?"

"நான் நிக்கிறதப் பாத்தா நீ சாப்பிடமாட்டே. நீ வேலைக்குப் போனப்புறம் நிப்பேன்." தட்டில் மிச்சமிருந்த ரொட்டியைப் பிய்த்தாள். "போடு, மிச்சத்தையும் பாப்போம். உள்ளத உள்ளபடி சொல்லு."

போட்டேன். டாக்டர் அவனுடைய தாடியைத் தடவிப் பார்த்தாள், அவனை ஒரு கேள்வி கேட்கவில்லை. "எங்க இருந்தேன்னு ஒரு வார்த்த கேக்குறாளா பாரு, சூடு சொரணை இல்லாதவ" என்று அம்மா முணுமுணுத்தாள். அப்போது கப்டன் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். கீழே சிங்களத்தில் ஒரு வரி வந்தது.

"என்ன சொல்றான்?"

உள்ளபடியே சொன்னேன். "நீ எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன்னு தெரியும்னு சொல்றாரும்மா."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, தெரிஞ்சுமா இத்தன வருஷமா வராம இருந்தீங்க?" என்றாள்.