பட்டையில் வெந்த பூட்ஸ்

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பின்னாளில்தான் வந்தது. ஆகையால் இந்தச் சம்பவத்தின் தேதியை என்னால் குறிக்க முடியவில்லை. சுதந்திரம் வந்ததற்கு மறு வருடம், ஆடி மாதம், முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைச் சடங்குக்காக எனக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வரை நிச்சயம்.

சாந்தோமில் மாதா கோவிலுக்குப் பின்னால் மணலோடு மணலாக இருந்தது எங்கள் குப்பம். கோவில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஓர் அறையில் ருமேனியாக்காரர் ஒருவர் தங்கியிருந்தார். எல்லாருக்கும் அவர் தொரை. தம் நாட்டில் பெயர் பெற்ற கால்பந்து ஆட்டக்காரர். முழங்கால் கெட்டுப்போனதும் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவராகி ஊர் ஊராகப் போனவர். யுத்தம் அவரைத் துரத்தித் துரத்திக் கடைசியில் மதராஸ் துறைமுகத்தில் இறக்கிவிட்டது என்று, அவரிடம் ஆட்டம் கற்ற என் சித்தப்பா சொல்லுவார். எங்கள் பங்குச் சாமியார் அவருக்கு அறையும் சாப்பாடும் கொடுத்தார். அதற்கு ஈடாக அவர் குப்பத்துப் பையன்களுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்தார். பையன்களிடமிருந்து அவர் தமிழ் கற்றுக்கொண்டார். அதாவது எங்கள் தமிழ். "இன்னாடா, தூங்கிக்கினு கீறியா? ஓடு!" என்று வெள்ளைக்காரர் ஒருவர் மணலில் நின்று கத்துவதைக் கேட்க மயிலாப்பூரிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

அவரிடம் இருந்த ஒரே சொத்து ஒரு ஜோடி பூட்ஸ். அவர் நாட்டுக்காக ஆடியபோது போட்டிருந்தது. அதை அந்த வருடம் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டார்.

காரணம் இதுதான். அந்த நாளில் பெரிய கம்பெனிகள் நல்ல ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்துத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளும். அப்படி ஒரு கம்பெனியின் அதிகாரி, தியாகராய நகர் மைதானத்தில் நடக்கும் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. கம்பெனி அணிக்கு ஒரு ஆட்டக்காரனும் வேண்டும், ஒரு கோச்சும் வேண்டும். தொரை தமக்கும் கேட்டிருந்தார், சித்தப்பாவுக்கும் கேட்டிருந்தார். அதிகாரி விதித்த நிபந்தனை ஒன்றுதான்: பையன் பூட்ஸ் போட்டு ஆட வேண்டும். எங்கள் பையன்களோ வெறுங்காலில் ஆடுகிறவர்கள்.

என் தாத்தா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். வீட்டில் ஒருத்தனாவது கரையில் சம்பாதிக்க வேண்டும் என்பது நைனாவின் பிடிவாதம். சித்தப்பா அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு மணலில் ஓடும்போதெல்லாம், நைனா வலையை மடியில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆட்டத்துக்கு முதல் நாள் காலையில் வானம் கறுத்தது. அன்று நைனா பட்டை காய்ச்சிக்கொண்டிருந்தார். பருத்தி வலை கடல் தண்ணீரில் மக்காமல் இருக்க, மரப்பட்டையைப் பெரிய அண்டாவில் கொதிக்கவிட்டு, அந்தச் சிவப்புச் சாற்றில் வலையைப் போட்டு எடுப்பது எங்கள் வழக்கம். நைனா காய்ச்சிய வலைக்குக் குப்பத்தில் தனி மதிப்பு உண்டு.

"டேய், நாளைக்கு மய வரும் போலக்கீது. தோலு தண்ணி குடிச்சா கனம் ஏறிடும். பூட்ஸ இப்டி குடு, பட்டயில ஒரு முக்கு முக்கித் தரேன்" என்றார்.

சித்தப்பா தயங்கினார். "தொரையாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு..."

"தொரைக்குப் பந்து தெரியும். பட்ட தெரியுமாடா?"

சித்தப்பா பூட்ஸை நீட்டினார். வலைக்கு எத்தனை நேரமோ அத்தனை நேரம் பூட்ஸும் கொதித்தது. அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, ஆட்டுக்கால் சூப்பா? அப்டியே ரெண்டு மொளகு தட்டிப் போடவா?" என்று கேட்டாள். நைனாவும் சிரித்தார்.

அண்டாவிலிருந்து எடுத்தபோதே சுருங்கியிருந்தது. காற்றில் காயக் காய இன்னும் சுருங்கியது. மத்தியானத்துக்குள் அது கட்டைபோல் இறுகிப்போய், சித்தப்பாவின் முன்பாதத்துக்குமேல் ஏற மறுத்தது. நான் காலை விட்டுப் பார்த்தேன். எனக்குச் சரியாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. சித்தப்பா கட்டுமரத்தின்மேல் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் நைனா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு தொரையின் அறைக்குப் போனார். பூட்ஸை மேஜையில் வைத்தார். தொரை அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். முகர்ந்து பார்த்தார். "ஏன்?" என்றார்.

நைனா ஜன்னல் வழியே வானத்தைக் காட்டினார். "மய, தொரை. மயக்கு நல்லதுன்னு..." நைனா அழுது நான் முதல்முறை பார்த்தது அன்றைக்குத்தான்.

தொரை குனிந்து, அந்த பூட்ஸை என் கால்களில் மாட்டி, கயிற்றை அடிப்பாதத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். நைனாவின் முதுகில் தட்டி, "நாளைக்கு அவன வரச் சொல்லு. கால் கீது இல்ல? போதும்" என்றார்.

மறுநாள் நினைத்தபடியே தூறல். எங்கள் ஆட்கள் கழற்றிப் போட்ட சட்டைகளுக்கும் அவர்களுக்கான எலுமிச்சைத் துண்டுகளுக்கும் நான் காவல். ஆகவே தொரையின் பக்கத்திலேயே இருந்தேன். நைனா அருகில் வரக் கூசி, எதிர்ப்பக்கம் கூட்டத்தோடு நின்றுகொண்டார். சித்தப்பா வெறுங்காலோடு ஈரப் புல்லில் வழுக்கி வழுக்கி ஓடினார். பாதி ஆட்டம் முடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த அதிகாரி வந்தார். தொரையைப் பார்க்காமல் நேராகச் சித்தப்பாவிடம் வந்தார்.

"பூட்ஸ் எங்கேடா? போட்டுண்டு ஆடணும்னு சொன்னேனா இல்லையா?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"வித்துக் குடிச்சுட்டியா? குப்பத்துப் பசங்க கையிலே ஒரு சாமானைக் கொடுத்தா அது கள்ளுக்கடைக்குத்தான் போகும்னு அப்பவே நினைச்சேன். இவனை நம்பி எப்படி வேலை கொடுக்கறது?"

சித்தப்பா நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். அதற்குள் தொரை அவர் தோளைப் பிடித்து அழுத்திவிட்டு முன்னால் வந்தார்.

"அவன் இல்ல சார். நாந்தான் வித்தேன். நாந்தான் குடிச்சேன்."

அதிகாரி குடையைச் சாய்த்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீரா?"

"ஆமா சார். நேத்து. ஃபுல்லா."

சித்தப்பா ஏதோ சொல்ல வந்தார். "நீ வாய மூடு. போய் ஓடு" என்று தொரை அவரை மைதானத்துக்குள் தள்ளிவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூட்ஸ் எங்கள் வீட்டில், வலை காய்கிற கழியில் தொங்கிக்கொண்டிருந்தது. குடிப்பவர்கள் குப்பத்தில் நிறையப் பேர் உண்டு. அவர்களோடு தொரையை யாரும் பார்த்ததில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். பூட்ஸைப் பட்டையில் வேகவைத்தோம் என்றால், குடை பிடித்த அந்த மனிதர் அதைக் குடிகாரன் உளறலென்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார் என்பது எட்டு வயதில் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் பாதியில் சித்தப்பா ஆடிய ஆட்டத்தைக் குப்பத்தில் பல வருஷம் பேசினார்கள். வழுக்கினால் உருண்டு எழுந்து ஓடினார். இடது ஓரத்திலிருந்து அவர் அடித்த பந்து வலைக்குள் போனபோது, எதிர்ப்பக்கத்தில் நைனா முன்னால் நின்றவரின் தோளில் ஏறிக் கத்துவது தெரிந்தது. தொரை கத்தவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்த மாதமே சித்தப்பாவுக்கு வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கோச் வேலை வேறொருவருக்குப் போயிற்று. நைனாவும் சித்தப்பாவும் அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லப் புறப்பட்டபோது தொரை வழியை மறித்துக்கொண்டு, "போனா அவன் வேலயும் பூடும். சும்மா கெட" என்று கோபமாகத் திட்டினார். மழைக்காலம் முடிந்ததும், பம்பாயில் ஏதாவது அணி தம்மை எடுத்துக்கொள்ளும் என்று கிளம்பிவிட்டார்.

வழியனுப்ப சென்ட்ரலுக்குக் குப்பமே போயிருந்தது. பையன்கள் ரயில் பெட்டியின் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்கள். சித்தப்பா கம்பெனிச் சட்டையோடு நின்று அழுதார். நைனா தொரையின் கையை விடவே இல்லை. அழாதது நான் ஒருத்திதான். வித்தேன் என்றது ஒரு பொய், குடிச்சேன் என்றது இன்னொன்று. ஞானோபதேசத்தில் பாவங்களை எண்ணச் சொல்லிக்கொடுத்தபடி எண்ணிப் பார்த்திருந்தேன். இரண்டு பொய் சொன்னவருக்குக் கடவுள் வேலை கிடைக்காமல் செய்தது எனக்கு நியாயமாகவே பட்டது. இனிமேலாவது அவர் உண்மை பேச வேண்டும் என்று மனசுக்குள் மாதாவுக்கு ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டு, அவருக்குக் கையசைத்தேன்.