எதிரணிக்குக் கொடுத்த எட்டாவது ஆள்

சாம்பியன் ரயில் நிலையத்தில் காலை ஆறரை மணி வண்டிக்காக எட்டுப் பெண்கள் ஒரே ஆரஞ்சு நிற டீ-சட்டையில் நின்றிருந்தோம். கோலார் தங்கவயலில் சாம்பியன் என்பது ஓர் ஊரின் பெயர். வெள்ளைக்காரர்கள் தங்கம் தோண்டிய காலத்தில் வைத்தது. எங்கள் த்ரோபால் அணிக்கும் அதையே வைத்துக்கொண்டோம். சட்டை முதுகில் அந்தப் பெயரைப் படிக்கிறவர்கள் நாங்கள் பெரிதாக எதையோ வென்றவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அன்றுவரை நாங்கள் ஒரு டம்ளர்கூட வென்றதில்லை.

போகும் இடம் பெங்களூரு, பிரேசர் டவுனில் ஒரு பள்ளி மைதானம். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான ஒருநாள் போட்டி. எட்டு அணிகள், தோற்றால் வெளியே.

த்ரோபாலில் களத்தில் ஏழு பேர். நான் எட்டாவது. வயது நாற்பத்தேழு, ராபர்ட்சன்பேட்டையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். தனியாக நடப்பது சலிப்பாக இருந்ததால் ஒன்றரை வருடத்துக்கு முன் இந்த அணியில் வந்து ஒட்டிக்கொண்டேன். கேப்டன் மலர் என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி. என்னைவிட ஒன்பது வயது சிறியவள். ஒரே வீட்டில் அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. கல்லூரி நாளிலிருந்தே ஆடுகிறவள். அவள் எறிந்தால் பந்து சீறும். பயிற்சியில் நான் களத்துக்குப் பின்னால் நின்று, ஓடிப்போகும் பந்துகளைப் பொறுக்கிக் கொடுப்பேன். மேட்ச் எதிலும் அதுவரை நான் ஆடியதில்லை.

பெங்களூருவுக்குத் தொண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் ஆளுக்கு இருபது ரூபாய். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் உட்கார இடம் கிடைத்தது. மாலூரில் ஒரு கூடை ரோஜாவோடு ஏறிய அம்மாள் எங்களை வரிசையாகப் பார்த்தார்.

“இன்னாம்மா, எல்லாரும் ஒரே கலரு? ஸ்ட்ரைக்குக்குப் போறீங்களா?”

“இல்லம்மா, மேட்ச்சு” என்றாள் மலர்.

“பாக்கறதுக்கா?”

“ஆடறதுக்கு.”

அந்த அம்மாளின் பார்வை கடைசியில் என்மேல் வந்து நின்றது. “நீயுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மலரே சொல்லிவிட்டாள். “அக்கா ஸ்பேர்.”

உண்மைதான், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒயிட்ஃபீல்ட் வரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன்.

எட்டே முக்காலுக்குக் கன்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கினோம். மைதானத்துக்கு இரண்டு கிலோமீட்டர். இரண்டு ஆட்டோ பிடித்தோம், ஒன்றுக்கு எண்பது ரூபாய். எங்கள் ஆட்டோக்காரர் தாடி நரைத்த பாய். கண்ணாடியில் எங்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். “நம்ம பேகம்கூட நிக்காஹ்வுக்கு முன்னாடி பால் ஆடுவா. இப்ப மொபைல்ல லூடோ ஆடறா. அதுலயும் நாந்தான் தோக்கறேன்” என்றார். இறங்கும்போது, “ஜெயிச்சிட்டு வாங்க” என்று சொல்லிப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

மைதானத்தின் எதிரே நின்றபடி சாப்பிடும் சிறிய ஓட்டலில் இட்லி வடை ஐம்பது ரூபாய், காபி பதினைந்து. சாம்பியனில் மைதானத்துக்குப் போகும் வழியெல்லாம் டீ-சட்டைமேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொள்வோம். மைதானம் வந்ததும்தான் எடுப்போம். இங்கே எட்டுப் பேரும் டிராக் பேன்ட்டும் டீ-சட்டையுமாக நடுத்தெருவில் நின்று காபி குடித்தோம். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது காபியைவிட நன்றாக இருந்தது.

பத்து மணிக்கு முதல் ஆட்டம். எதிரே அந்தப் பேட்டையைச் சேர்ந்த உள்ளூர் அணி. ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலைக்கு அப்பாலிருந்து வரும் பந்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். மூன்று விநாடிக்குள் ஒரே கையால் திருப்பி எறிய வேண்டும். பந்து கையில் துள்ளினால் தப்பு. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தாலும் தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் எதிரணிக்கு ஒரு புள்ளி. பதினைந்து புள்ளி ஒரு செட். மூன்று செட்டில் இரண்டை எடுத்தால் வெற்றி.

முன்வரிசையில் உயரமான ரெஜினா, அவளுக்குப் பின்னால் மலர். நான் வழக்கம்போலக் கோட்டுக்கு வெளியே, தண்ணீர் பாட்டில்களோடு. நடுவில் விழப்போகும் பந்துகளுக்கு யார் போவது என்று அவர்களுக்குள் எப்போதும் ஒரு தடுமாற்றம் உண்டு. பின்னாலிருந்து பார்ப்பவளுக்கு அது சட்டென்று தெரியும். “மலரு!” என்றோ “ரெஜி!” என்றோ கத்துவேன். அன்றும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். இரண்டு செட்டிலேயே முடித்துவிட்டார்கள். சாம்பியன் அணி முதன்முதலாக ஓர் அரையிறுதிக்குள் போனது.

அரையிறுதி பன்னிரண்டு மணிக்கு. எதிரே எலெக்ட்ரானிக் சிட்டி அணி. எல்லோரும் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிற தமிழ்ப் பெண்கள், எங்களைவிட இளையவர்கள். கேப்டன் நித்யாவுக்கு ஈரோடு பக்கம். ஆனால் அவர்கள் பக்கத்தில் ஆறு பேர்தான் நின்றார்கள். ஏழாவது பெண் ஷர்மிளா பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பும் காதில் ஹெட்போனுமாக இருந்தாள். கம்பெனியில் ஏதோ சர்வர் விழுந்துவிட்டது, அவசர அழைப்பு.

நடுவர் கன்னடக்காரர். “ஏளு ஜன இர்பேக்கு மேடம். இல்லாந்த்ரே வாக் ஓவர்” என்றார். ஏழு பேர் இல்லையென்றால் ஆடாமலே எங்களுக்கு வெற்றி. நேராக இறுதி ஆட்டம்.

“ஒரு பத்து நிமிசம் குடுங்க சார், முடிச்சிட்டு வந்துருவாங்க” என்று நித்யா கெஞ்சினாள்.

படிக்கட்டிலிருந்து ஷர்மிளா கத்தினாள். “பத்து நிமிஷத்துல ஆகாதுடி. சர்வர் இன்னும் எந்திரிக்கவே இல்ல!”

“உங்க டீம்ல ஸ்பேர் யாரும் இல்லியா?” என்று மலர் கேட்டாள்.

“ரெண்டு பேர் இருந்தாங்கங்க்கா. ஒருத்தி கொழந்தைக்குக் காய்ச்சல். இன்னொருத்திக்கு மாமியார் சொல்லாம வந்து எறங்கிட்டாங்களாம்.”

எங்கள் ஏழு பேரும் வட்டமாகக் கூடினார்கள். நானும் எட்டிப் பார்த்தேன்.

“விட்றி. குடுக்கறத வாங்கிக்கினு பைனலுக்குப் போலாம். நாம இன்னா ஏமாத்தியா வாங்கறோம்?” என்றாள் ரெஜினா.

மலர் ஒத்துக்கொள்ளவில்லை. “இம்மாந் தூரம் வந்து, கையக் கட்டிக்கினு நின்னோம், ஜெயிச்சிட்டோம்னு ஊர்ல போய்ச் சொல்லவா? ஆடியே ஜெயிக்கலாம். எழிலக்காவ அவங்களுக்குக் குடுத்துடலாம்” என்று என்னைக் காட்டினாள்.

ரெஜினா சிரித்தாள். “அக்கா தானே? அப்போ குடு.”

அந்தத் ‘தானே’ சுருக்கென்று குத்தியது. நான் போவதால் அவர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது. “நீ இன்னாக்கா சொல்ற?” என்று மலர் ஒப்புக்குக் கேட்டாள். ஆடுகிறேன் என்றேன்.

நடுவர் என் பெயரை அந்தப் பக்கத் தாளில் எழுதினார். இன்று முழுக்க இனி அந்த அணிதான், திரும்பி வர முடியாது என்றார். வராமல் போன ஒரு பெண்ணின் நீலச் சட்டையைத் தந்தார்கள். ஒரு சுற்றுச் சிறியது. முதுகில் ‘பிரியா’ என்றிருந்தது. “ஆன்ட்டி, நீங்க பின்னாடி மூலைல நின்னுக்கறீங்களா?” என்று நித்யா தயங்கிக் கேட்டாள். வலையைக் குனிந்து தாண்டி மூலையில் போய் நின்றேன். இந்தப் பக்கத்திலிருந்து மலரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் அவள் முதுகுதான்.

முதல் செட்டில் என்னைத் தேடித்தேடி எறிந்தார்கள். இரண்டு பந்து கையில் துள்ளியது, ஒன்றை விட்டேவிட்டேன். ஒன்பதுக்குப் பதினைந்து என்று தோற்றோம். ‘தோற்றோம்’ என்று இப்போது எழுதும்போது என் கை தயங்குகிறது. அன்று மனம் தயங்கவில்லை. அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது செட்டின் தொடக்கத்தில் மலர் எறியக் கை ஓங்கினாள். இடது தோள் சற்று இறங்கியது. பந்து வலது மூலைக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் தோள் இறங்கினால் பந்து எங்கே போகும் என்பது, ஒன்றரை வருடமாக அதன் பின்னால் ஓடியவளுக்குத் தெரியாதா? முன்கூட்டியே போய் நின்றேன். பந்து நெஞ்சுக்கு நேராக வந்து கையில் உட்கார்ந்தது. அப்படியே திருப்பி எறிந்தேன். புள்ளி.

“சூப்பருங்க்கா!” என்று நித்யா கத்தினாள். அந்த நிமிடத்தில் ஆன்ட்டியாக இருந்த நான் அக்காவாகிவிட்டேன்.

அதற்குப் பிறகு மலர், ரெஜினா யார் எறிந்தாலும் பந்து எங்கே வரும் என்று கிளம்புமுன்பே எனக்குத் தெரிந்தது. “ரைட்டு! ஷார்ட்டு! நித்யா, உனக்குத்தான்!” என்று கூவிக்கொண்டே ஆடினேன். மூச்சு இரைத்தது, முட்டி வலித்தது, சட்டை அக்குளில் பிடித்தது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷம். நாற்பத்தேழு வயதில் உடம்பு முழுக்க ஒரே வேலையில் இருப்பது எப்படி என்று அன்றுதான் கண்டேன். செட் எங்களுக்கு. எதிர்ப்பக்கம் மலர் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

மூன்றாவது செட். பதினான்குக்குப் பதின்மூன்று என்று நாங்கள் முன்னால் இருந்தோம். சர்வீஸ் என் முறை.

கோட்டுக்குப் பின்னால் பந்தோடு நின்றேன். இந்த ஒன்றைப் பெற்றால் என் ஊர் அணி வெளியே. வலையில் அடித்துவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஸ்பேர்தானே என்பார்கள். வலைக்கு அப்பால் மலர் கண்ணிமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுக்கொடு என்று அவள் பார்க்கவில்லை. எறி, வாங்குகிறேன் என்று பார்த்தாள். யாரும் என்னை அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

அவளுக்கும் ரெஜினாவுக்கும் நடுவில் எறிந்தேன். தற்செயலாக இல்லை, குறிவைத்துத்தான்.

பந்து இறங்கும்போது பழக்கதோஷத்தில் “மலரு!” என்று கத்த வாய் திறந்துவிட்டது. இறுக மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் யாரும் கத்தவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். நான்கு கைகள் ஒரே பந்தில். விசில்.

நித்யாவும் மற்றவர்களும் என்னைத் தூக்காத குறை. மலர் வலைக்கு அடியில் குனிந்து வந்தாள்.

“ஏன்க்கா கத்தல?”

“நான் இந்தப் பக்கம்டி இன்னிக்கு.”

குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். பிறகு பிரியாணிப் பொட்டலங்களோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். “சாப்பிடு. பைனல்ல கை நடுங்கப் போது” என்றாள்.

மூன்று மணி இறுதி ஆட்டத்துக்குள் ஷர்மிளாவின் சர்வர் எழுந்துவிட்டது. அவள் வந்து, “நீங்களே ஆடுங்க ஆன்ட்டி, நான் கைதட்டறேன்” என்று கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். எலஹங்கா அணியிடம் நேர் செட்டில் தோற்றோம். அவர்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான். அந்தத் தோல்வி எனக்கு வலிக்கவே இல்லை. இரண்டாம் பரிசாக ஆளுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள்.

ஐந்து மணி வண்டியில் திரும்பினோம். காலையில் பேசிக்கொண்டே வந்த ரெஜினா இப்போது எதிர் சீட்டில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கே.ஆர். புரம் தாண்டியதும் தலையைத் தூக்கினாள்.

“கடைசிப் பந்து, வேணும்னு தான் நடுவுல போட்டியா?”

“ஆமா.”

“எங்களுக்குள்ள கொழப்பம் வரும்னு தெரிஞ்சேவா?”

“ஆமா ரெஜி.”

தைலப் பாட்டிலை மூடினாள். “நல்லா தான் போட்ட” என்றாள். “‘அக்கா தானே’ன்னு சொன்னேன் பாரு, அதுக்கு எனக்கு வேணும்.”

அப்போதுதான் மலர் பேசினாள். “செவ்வாக்கெழம பிராக்டிஸ்லருந்து முறை வெச்சிக்கலாம். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ஒருத்தர் வெளிய நிக்கணும். மொதல்ல நான் நிக்கறேன்.” அவளால் வெளியே நிற்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சொல்லிவிட்டாள், ஏழு பேர் கேட்டுவிட்டார்கள்.

பங்காருப்பேட்டையில் பெரிய லைனை விட்டு எங்கள் கிளைப் பாதைக்குள் வண்டி நுழைந்தது. ஒரே நாளில் போய்வந்த ஊரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெங்களூருவுக்கு நான் நூறு தடவை போயிருக்கிறேன்; ஆஸ்பத்திரிக்கு, கல்யாணங்களுக்கு, மகனைக் கல்லூரியில் சேர்க்க. ஒவ்வொரு தடவையும் யாருக்காகவோ போனேன். எங்கள் தெருவில் நான் இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா, மலருக்கு ஓரகத்தி. அந்த மைதானத்தில் வேறொருத்தியின் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு நின்றபோது, அங்கே இருந்தவர்களுக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நான் பந்தைப் பிடிப்பேனா மாட்டேனா என்பது ஒன்றுதான். அது போதுமானதாக இருந்தது.

ஏழரை மணிக்குச் சாம்பியனில் இறங்கினோம். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஆளுக்கொரு பைக்கோடு வெளியே காத்திருந்தார்கள்.

“இன்னா ஆச்சு? ஜெயிச்சீங்களா?” என்றார் கொழுந்தனார்.

“தோத்துட்டோம்” என்றாள் மலர்.

“ஜெயிச்சோம்” என்றேன் நான், அதே நேரத்தில்.

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ரெண்டு பேரும் ஒரே டீம் தானே?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஆமா, ஒரே டீமுதான்” என்று மலர் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். “வண்டிய எடு. அக்காவுக்குக் கால் வலிக்குது.”