திரையை மட்டும் அணைக்கிறவர்கள்

எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் சேமிக்கிறவர்கள், அழிக்கிறவர் ஒருவரும் இல்லை. துறைமுகத்துக்கு வரும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிற சின்ன அலுவலகம் அது, கொட்டாஞ்சேனையில். ஒரு பத்திரத்தை ஒருவர் ஸ்கேன் பண்ணி வைப்பார். பக்கத்து மேசைக்காரர் அதையே 'கடைசி' என்று பெயர் போட்டு இன்னொரு தடவை வைப்பார். மூன்றாமவருக்கு இருவரிலும் நம்பிக்கை இல்லை, அவர் 'உண்மையான கடைசி' என்று வைப்பார். எல்லாம் போய்ச் சேர்வது சேர்வரில் இருக்கும் பொது டிரைவுக்குத்தான். அது நிரம்பி வழிந்து, ஒன்றை வைக்க இன்னொன்றைத் தூக்கவேண்டிய நிலை வந்தபிறகு முதலாளி பெரிய டிஸ்க் ஒன்று வாங்கச் சம்மதித்தார்.

யார் மாற்றுவது என்பதில்தான் இழுபறி. நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். சேர்வர் பழுதாகும்போதெல்லாம் திருத்த வருகிறவர்களுக்குப் பின்னால் நின்று, அவர்கள் எரிந்து விழுந்தாலும் விடாமல் கேள்வி கேட்டு, அந்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். சில வருடங்களாக அதைப் பார்ப்பது நான்தான். வெளிக் கொம்பனி ஒன்றைக் கூப்பிடுவோம் என்று முதலாளி சொன்னபோது, வேண்டாம், நானே செய்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"சரி பிள்ளை, செய்யுங்கோ. ஆனா ஒரு ஃபைல் காணாமப் போனாலும் சேர்வரை அவையளிட்டக் குடுத்திடுவன். பிறகு நீங்கள் உங்கட டைப்பிங்கைப் பாத்தாக் காணும்," என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சு எனக்குச் சுட்டது. டைப்பிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அந்தச் சேர்வர் என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை என் கையிலிருந்து பிடுங்க ஒருவருக்கும் விடக்கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை நாளைத் தேர்ந்தெடுத்தேன். ஒருவரும் வரமாட்டார்கள், ஒரு ஃபைலும் திறந்திருக்காது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மின்வெட்டுக் காலத்தில் யூபிஎஸ்ஸில் மிஞ்சியிருக்கும் கொஞ்சச் சார்ஜைக் காப்பாற்ற, மின்சாரம் போனவுடன் எல்லாரும் திரையை மட்டும் அணைப்போம். கணினி கீழே ஓடிக்கொண்டிருக்கும். மின்வெட்டு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வீட்டுக்குப் போகும்போதும் திரையை அணைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மேசைக்குக் கீழே பெட்டி விடிய விடிய ஓடும், திறந்த ஃபைல் திறந்தபடியே இருக்கும்.

அதனால் போயாவுக்கு முதல்நாள் பின்னேரம் நானே மேசை மேசையாகக் குனிந்து ஒவ்வொரு பெட்டியையும் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தவற்றை உரியவர்களைப் பிடித்து நிறுத்தவைத்தேன். சிலர் முகத்தைச் சுளித்தார்கள், நான் கவலைப்படவில்லை. முதலாளியின் அறை வாசலுக்குப் போனபோது அவர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"என்ர நான் பாத்துக்கொண்டனான், பிள்ளை," என்றார். முதலாளியிடம் திறந்து காட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். வெள்ளை உடுத்துப் புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குப் போகிறவர்களோடு நெரிந்துகொண்டு போய், இன்னொரு பஸ் மாறி, அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தேன். காவல்காரர் என்னைக் கண்டதும், "அத போய நே, மிஸ்!" இன்றைக்குப் போயா அல்லவா என்று சிங்களத்தில் வியந்தார். போயா எனக்கு இல்லை என்று அவருடைய மொழியிலேயே சொல்லிவிட்டு மேலே போனேன்.

வேலை நன்றாகத்தான் தொடங்கியது. பழைய டிஸ்க்கில் இருப்பதைப் புதியதற்குப் பிரதி பண்ணவேண்டும். யாருக்கு எந்த ஃபோல்டரைத் திறக்க அனுமதி என்ற விபரமும் கூடவே போகவேண்டும். முடிந்ததும், பழைய டிரைவைக் குறிக்கிற ஆங்கில எழுத்தையே புதியதற்கும் கொடுக்கவேண்டும். எழுத்து மாறினால் ஒருவருக்கும் ஃபைல் திறக்காது, அடுத்த நாள் காலை அலுவலகம் முழுவதும் என் மேசையைச் சுற்றி நிற்கும்.

மத்தியானம் கெமராக்காரர் வந்தார், நான் நாநா என்று கூப்பிடுகிற தெமட்டகொடைப் பக்கத்து ஆள். பழைய டிஸ்க்கை வாசல் கெமராவின் பதிவுப் பெட்டிக்குப் போடலாம் என்று முதலாளி அவருக்குச் சொல்லிவைத்திருந்தார். அந்தப் பெட்டி தனக்குள் வரும் டிஸ்க்கை முதல் வேலையாகத் துடைத்துவிடும்.

அவர் வந்து உட்கார்ந்த நேரம் பார்த்துப் பிரதி ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஒரு ஃபைலை யாரோ திறந்து வைத்திருக்கிறார்களாம். கொஞ்சம் பொறுத்துத் திரும்ப முயலும், முடியாது என்னும், மறுபடி பொறுக்கும். எது என்று பார்த்தேன். வெளிநாட்டு ஏஜென்டுகளோடு முதலாளி எழுதிக்கொண்ட அத்தனை மின்னஞ்சலும் அடங்கிய ஃபைல். எந்தக் கணினி பிடித்து வைத்திருக்கிறது என்றும் சேர்வர் காட்டியது. பூட்டிய அறைக்குள் இருந்த முதலாளியின் கணினிதான்.

சேர்வரில் இருந்தே அந்தத் தொடர்பை அறுக்கலாம். ஆனால் திறந்திருக்கும் மின்னஞ்சல் ஃபைலை அப்படி அறுத்தால் அது கெட்டுப்போகவும் கூடும்.

"ஒரு ஃபைல் தானே மிஸ், அத உட்டுட்டு மத்ததப் பாருங்களே. எனக்கு இன்னொரு எடத்துக்கும் போக ஈக்கி," என்றார் கெமராக்காரர்.

"நாநா, அந்த ஒண்டுக்காகத்தான் நான் இண்டைக்கு வந்தனான்," என்று சொல்லிவிட்டு முதலாளிக்குப் போன் எடுத்தேன்.

அவர் பாமன்கடை வீட்டில் விருந்தாளிகளோடு சாப்பாட்டில் இருந்தார். "நான் ஓஃப் பண்ணிட்டுத்தான் வந்தனான். என்ர கண்ணால பாத்தனான், இருண்டது," என்றார்.

"இருண்டது ஸ்கிரீன், சேர்."

விருந்தாளிகளைச் சாப்பிடச் சொன்னார். பிறகு, "அதை நாளைக்குப் பாப்பம். கெமராக்காரனை மினக்கெடுத்தாமல் டிஸ்க்கைக் குடுத்து விடுங்கோ," என்றார்.

"குடுக்கமாட்டன் சேர். ஒரு ஃபைலும் காணாமப் போகக்கூடாது எண்டு சொன்னது நீங்கள். அறைத் திறப்போட வாங்கோ. வருமட்டும் டிஸ்க்கை நான் கழட்ட விடமாட்டன்."

அவரோடு நான் அப்படி ஒருநாளும் கதைத்ததில்லை. அவர் போனை வைத்துவிட்டார். நான் சேர்வர் அலுமாரியைப் பூட்டி, அதற்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கெமராக்காரர் என்னையும் கதிரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடிக்க இறங்கிப் போனார்.

வருவாரோ மாட்டாரோ என்று காத்திருந்த அந்த நேரத்தில், வேலை போனாலும் போகட்டும், எழும்பமாட்டேன் என்றுதான் இருந்தேன்.

முதலாளி வந்தார். வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடேயே வந்திருந்தார், முகம் கடுகடுவென்று இருந்தது. அறையைத் திறந்தார். திரை கறுப்பாகத்தான் இருந்தது. மேசைக்குக் கீழே பச்சை விளக்கு எரிய, பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். நிமிர நேரமெடுத்தது. எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"இருங்கோ சேர். நீங்களே மூடுங்கோ," என்றேன்.

ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக மூடினார். கணினி ஏதோ கேள்வி கேட்கிறதே என்றார். ஓம் என்று கொடுங்கோ என்றேன். கடைசியில் பச்சை விளக்கு அணைந்தது. நான் திரும்பி வந்து பார்க்கும்போது, தயங்கி நின்ற பிரதி தானாகவே அந்த ஃபைலையும் எடுத்துக்கொண்டு மேலே போயிருந்தது. இரண்டு டிஸ்க்கையும் ஃபோல்டர் ஃபோல்டராக ஒப்பிட்டு, எழுத்தை மாற்றி, முதலாளியின் கண்முன்னாலேயே அவருடைய பழைய கடிதங்களைத் திறந்து காட்டினேன்.

"பழைய டிஸ்க் ஒரு கிழமைக்கு என்னட்ட இருக்கட்டும் சேர். எல்லாரும் பாவிச்சுப் பாக்கட்டும்," என்றேன்.

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து நின்ற கெமராக்காரரைப் பார்த்து அவர், "தம்பி, அடுத்த கிழமை வாங்கோ," என்றார். வெளிக் கொம்பனிப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை எல்லாரும் வழமைபோல வந்து, வழமையான எழுத்திலேயே தங்கள் ஃபைல்களைத் திறந்து வேலை செய்தார்கள். ஏதோ மாறியிருக்கிறது என்றுகூட ஒருவரும் கவனிக்கவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு இந்த வேலையில் கிடையாது. பத்து மணிபோல முதலாளி நடுவில் வந்து நின்று, யாரோ ஒருவர் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போய் நேற்று வேலையைக் கெடுக்கப் பார்த்ததாகவும், இனி அப்படி நடக்கக்கூடாது என்றும் ஒரு பிரசங்கம் வைத்தார். ஆளை ஆள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு டைப் பண்ணினேன்.

பின்னேரம் எல்லாரும் போனபிறகு அவர் பையோடு என் மேசைக்கு வந்தார். அறைக் கதவைப் பூட்டாமல் விட்டிருந்தார்.

"ஓஃப் பண்ணிட்டன் பிள்ளை. ஒருக்கா வந்து பாருங்கோ," என்றார்.

போய்க் குனிந்து பார்த்தேன். விளக்கு எரியவில்லை.

"சரி சேர், நீங்கள் போங்கோ," என்றேன்.