நான் கூப்பிடாத பெயர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள், அது சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, உலகமும் அப்படித்தான் என்று இருந்தவள். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாமல் சிரித்தாலும் சரி.

இரண்டாயிரத்து மூன்றில் எண்ணூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இருந்தேன். கேட்டில் செக்யூரிட்டி கன்னியப்பன், உள்ளே வருகிறவர்களின் பெயரை வரிக்கு ஒன்றாக அடித்து சேவ் செய்வார். அந்த ஃபைலை வரிவரியாகப் படித்துப் பட்டியல் அச்சடிக்க நான் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டிப் புரோகிராம், எழுதியிருந்தேன். ஃபைல் முடியும்வரை திரும்பத் திரும்பச் சுற்றும் நாலே வரி லூப், அதில் எனக்கு ரொம்பத் திமிர்.

ஒரு நாள் மத்தியானம் கேஸ் கசிந்து சைரன் அலறியது. பட்டியலை அச்சடித்துக்கொண்டு நானும் வெளியே ஓடினேன், ரோட்டில் நின்று நான்தான் சத்தமாகப் படித்தேன். முப்பத்தெட்டுப் பெயர், முப்பத்தெட்டுப் பேரும் "இருக்கேன்" என்றார்கள். சேஃப்டி ஆபீசர் அப்பாடா என்று கேட்டைப் பூட்டச் சொன்னார். அப்போது பின்னாலிருந்து இன்னொரு "இருக்கேன்" வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எல்லோருக்கும் கேட்டது, திரும்பிப் பார்த்தால் வெறும் சுவர்.

கன்னியப்பன் முகம் வெளுத்துவிட்டது. "இது நம்ம செல்வம் கொரலு. இன்னாம்மா, அவன் பேர நீ படிக்கவே இல்லியே. கடசியா நான்தான அடிச்சேன்."

மாஸ்க் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே ஓடினார்கள். கான்ட்ராக்ட் ஆள் செல்வம், கம்பெனியின் அந்தக் கோடியில், கழுவ இறங்கிய தொட்டிக்குள் மயங்கிக் கிடந்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிணம்தான் என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஃபைலைத் திறந்தேன். கடைசி வரியில் அவன் பெயர் இருக்கிறது. அதை அடித்ததும் போன் வந்ததால் கன்னியப்பன் எண்டர் தட்ட மறந்து அப்படியே சேவ் செய்திருக்கிறார். எண்டர் இல்லாத கடைசி வரியை என் லூப் அச்சடிக்காமலே வெளியே வந்துவிடும், அந்தப் புத்தி அன்றுவரை எனக்கு இல்லை. ஒரு உயிரைத் தின்னப் பார்த்த பாவி நான்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், உன் பெயரை விட்டுவிட்டேன், மன்னித்துவிடு என்று அழுதேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"இன்னாக்கா சொல்ற? கண்ணு இருட்டிகினு வரசொல்லோ நீதான கூப்ட. நல்லா கேட்டுச்சு. அதான் இருக்கேன்னு சொன்னேன்."

அந்தப் பெயர் என் வாயில் வரவே இல்லை. இன்றுவரை அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன், பெயர் சொல்லிக் கூப்பிடப் பயமாக இருக்கிறது.