ரோலா சலூன் செல்வராசு அண்ணனும் அவர் சேர்த்த ஓட்டுகளும்

செல்வராசு அண்ணன் போய்விட்டார்.

ஷார்ஜா ரோலாவில் நம் ஆட்கள் பாதிப் பேருக்கு முடிவெட்டிய அதே செல்வராசு அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்... ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஹார்ட் அட்டாக்.

ஊர் பெரம்பலூர் பக்கம். அங்கே அண்ணியும், காலேஜ் படிக்கிற ஒரே மகளும்.

எங்கள் குழுவில் இருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே இருக்கிற நம் ஆட்களை வெளிநாட்டு வாக்காளராகப் பதியவைத்து, ஊருக்குப் போய் ஓட்டுப் போடவைக்க வேண்டும் என்று கிளம்பினோம் இல்லையா... நோட்டீஸ் அடித்தோம். புரொஜக்டர் வைத்தோம். தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப் கேம்பாகப் போய்ப் பேசினோம்.

எல்லோரும் நன்றாகக் கை தட்டினார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், போய்ப் படுத்துவிட்டார்கள். ஒருத்தன்கூடப் பேர் கொடுக்கவில்லை!

ஷேவிங்குக்குப் போன இடத்தில் இதைச் சொல்லிப் புலம்பினேன். அண்ணன் என் முகத்தில் நுரையைத் தடவிக்கொண்டே சொன்னார். "மைக்கைப் புடிச்சா எவன் தம்பி கேப்பான்? எங்கிட்ட அனுப்பிவிடுங்க. கழுத்துல கத்தி இருக்கும்போது ஒருத்தனும் எந்திரிச்சு ஓட மாட்டான்."

அப்படித்தான் ஆள் பிடித்தார் மனுஷன். பாதி மீசையை ஒதுக்கிவிட்டு, "பேர் பதிஞ்சியா இல்லையா? சொன்னாத்தான் மீதி" என்பார். கடையே சிரிக்கும்.

யாராவது கட்சிப் பேச்சை எடுத்தால் மட்டும் முகம் மாறிவிடும். "யாருக்குப் போடணுங்கிறது உன் பாடு. கடையில அந்தப் பேச்சு மாஃபி, கெடையாது." அவ்வளவுதான்.

போன தேர்தலுக்குச் சொந்தக் காசில் ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். சீப்புப் பிடிக்கிற கையில் மை. கண்ணாடியில் எல்லோருக்கும் தெரியும். அந்த மை போகிறவரை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அந்தக் கதைதான்.

"ஒரு ஓட்டுக்கா இவ்வளவு செலவு? கிறுக்கா அண்ணே உங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

கத்திரியை நிறுத்திவிட்டார்.

"எங்கப்பா பெரிய வீட்டுக்காரங்களுக்கு முடிவெட்டணும்னா கொல்லைப்பக்கமாத்தான் போவணும் தம்பி. முன்வாசல்ல கால் வைக்க முடியாது. அந்த வீட்டுப் பையன் அன்னிக்கு ஓட்டு லைன்ல எனக்குப் பின்னாடி நின்னான். நல்ல வெயிலு. நானும் நவுரல, அவனும் நவுரல... இதுக்கு எவ்வளவு வேணா செலவு பண்ணலாம்யா."



இந்தத் தடவை மகளுக்கு முதல் ஓட்டு. "நானும் பாப்பாவும் சேந்து லைன்ல நிக்கப் போறோம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆம்பளைக்குத் தனி வரிசை, பொம்பளைக்குத் தனி வரிசை அண்ணே" என்று நான் வம்புக்கு இழுத்தேன்.

"தெரியும்யா. பக்கத்துப் பக்கத்துலதானே நிப்போம்? போதும்."

கேம்ப்பிலிருந்து ஐந்து பேரைச் சேர்த்திருந்தார். ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் பூத்தில் விடுவார்கள். கம்பெனியிடம் இருந்த பாஸ்போர்ட்டை வாங்க, லீவு வாங்க, அவர்களுக்காக இவர் போய் சூப்பர்வைசரிடம் நின்றார். "பாய், ஏக் ஹஃப்தா, பஸ்" என்று அரைகுறை ஹிந்தியில் ஒரே ஒரு வாரத்துக்குக் கெஞ்சி வாங்கிவிட்டார். ஆறு பேருக்கும் திருச்சிக்கு ஒரே ஃபிளைட்.

செவ்வாய்க்கிழமை அண்ணனின் பாஸ்போர்ட்டைத் துபாயில் இருக்கிற துணைத் தூதரகத்துக்கு நான்தான் கொண்டுபோனேன். உடலை அனுப்ப வேண்டுமென்றால் அதை ரத்து செய்தாக வேண்டும். முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்து பார்க்கிங்கில் நின்று அழுதேன். நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பேப்பர் வேலையெல்லாம் முடிந்து, நாளைக்கு அதே ஃபிளைட்டில்தான் அனுப்புகிறோம். ஐந்து பேரும் மேலே சீட்டில்... அண்ணன் கீழே கார்கோவில். கடவுளே.

அந்தப் பையன்கள் நேற்றே சொல்லிவிட்டார்கள். "அண்ணனை எடுக்கறதுக்குப் போறோம் சார். ஓட்டெல்லாம் வேணாம். அவரே இல்ல, இனி என்னத்துக்கு?"  எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இன்று காலை அண்ணன் மகள் போன் பண்ணினாள்.

"சித்தப்பா... அடுத்த வாரம் வியாழக்கெழமை ஓட்டு. எழவு விழுந்த வீட்டுப் பொண்ணு தீட்டோட வெளிய போவக்கூடாதுன்னு பெரியம்மாவெல்லாம் சொல்றாங்க. நான் போவட்டுமா, வேணாமா? அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?"

என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி போனை வாங்கிவிட்டார். அழுது அழுது குரலே கம்மிப்போயிருந்தது.

"அவளும் போவா, நானும் போவேன் தம்பி. ஊரு என்ன வேணா பேசிக்கட்டும். அங்கருந்து வர்ற பசங்ககிட்டயும் சொல்லிடுங்க... அவரை எடுத்ததும் அவனவன் ஊருக்குப் போயி ஓட்டைப் போட்டுட்டு வரட்டும். அப்புறமா வந்து எங்கூட உக்காந்து அழுவட்டும்."

கேம்ப்புக்குப் போய் அதை அப்படியே சொன்னேன்.  ஒருத்தன், "சரி சார். போடுறோம்" என்றான்.

பத்திரமா ஊர் போய்ச் சேருங்க அண்ணே.