ஆத்தா அழைத்துக்கொண்டே இருந்த கல்யாணம்

எங்கள் ஆத்தா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், அரிமளத்து எங்கள் தெருவினருக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். பெற்றவளைப் பற்றிப் பேசச் சொன்னால் ஊமைக்கும் வாய் வரும் என்பார்கள். எனக்கு வாய் முன்பே உண்டு. அது உங்களுக்குத் தெரியும். எழுத்துத்தான் பொட்டலம் மடித்து வந்த காகிதங்களைப் படித்துப் படித்து நானாகச் சேர்த்துக்கொண்டது. பிழை கண்டால் பொறுத்தருளுங்கள்.

பெற்ற தாயை நாங்கள் ஆத்தா என்றே அழைத்தோம். அவர் பிறந்தது திருமயத்துக்குத் தெற்கே ஒரு சிறு கிராமம். கண்மாய் நிறைந்த வருஷம் நெல்லுச்சோறு, நிறையாத வருஷம் கேழ்வரகுக் களி. அரிமளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பதினாறு வயது. அப்பா மாட்டுவண்டியில் புதுக்கோட்டைச் சந்தைக்குச் சரக்கு ஏற்றிப் போவார். ஆத்தா வீடு வீடாக நெல் அவித்துக் குத்திக் கொடுப்பார். அதனால் எந்த வீட்டில் என்ன அரிசி வேகிறது, எந்த வீட்டில் இன்று உலையே வைக்கவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உலை வைக்காத வீட்டுக்கு முந்தானையில் நொய் போகும். "கேட்டபெறகு குடுத்தா அது கூலி மாதிரி, பாத்துக் குடுத்தாத்தான் குடுத்தது" என்பார்.

ஆனால் ஆத்தாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது உலக்கை இல்லை, அழைப்பு. எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து என்றாலும் அழைக்கப் போகிற பெண்களுக்கு முன்னால் ஆத்தா நடப்பார். எந்த வீட்டில் மாமியாரை முதலில் கூப்பிட வேண்டும், எந்தப் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, யாருக்கு இரண்டு தரம் சொன்னால்தான் சொன்னதாக அர்த்தம், எல்லாம் அவருக்கு மனப்பாடம். துணைக்கு எப்போதும் தெருமுனையில் இருந்த முக்கு வீட்டு அத்தை போவார். ஒருவர் கையில் வெற்றிலைத் தாம்பாளம், இன்னொருவர் கையில் குங்குமச் சிமிழ். ஒற்றையாக அழைக்கப் போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சகுனம் சரியில்லை என்று மற்றவர்கள் காரணம் சொல்வார்கள். ஆத்தா சொன்ன காரணம் வேறு: "ஒருத்தி மறந்த வீட்டை இன்னொருத்தி சொல்லணும்ல."

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்த 1948ஆம் ஆண்டு எனக்குக் கல்யாணம். போர்க்காலத்து அரிசிக் கட்டுப்பாடு எங்கள் பக்கம் முழுதாக விலகாத நேரம். கூட்டம் சேர்த்து விருந்து வைத்தால் யாராவது அதிகாரிகளுக்கு எழுதிப்போட்டு விடுவார்கள் என்று அப்பா பயந்தார். ஊருக்கெல்லாம் அழைத்த ஆத்தா, தான் பெற்ற மகள் கல்யாணத்துக்குத் தன் தெருவை அழைக்க முடியாமல் நின்றார். அப்பா வழியில் நாலு வீடு, ஆத்தா வழியில் மூன்று வீடு. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். முக்கு வீட்டு அத்தைக்கும் சொல்லவில்லை. "அவ நம்ம ஆளு, சொல்லாமலே புரிஞ்சுக்கிருவா" என்று ஆத்தா நினைத்துவிட்டார். அவர் வாழ்நாளில் கணக்குத் தப்பியது அந்த ஒரு இடத்தில்தான். நம் ஆளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். என் கழுத்தில் தாலி ஏறிய காலையில் முக்கு வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சில்லை.

நான் கொடும்பாளூர்ப் பக்கம் புகுந்த வீடு போனேன். சில ஆண்டுகளில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். ஆத்தா குங்குமச் சிமிழை மூடிப் பரணில் வைத்தார். தாலி இழந்தவர் அழைக்கப் போவதில்லை என்பது வழக்கம். அவரும் அதை மீறவில்லை. ரைஸ் மில் வந்து உலக்கைக்கும் வேலை போனது. புளி தட்டியும் மிளகாய் காயவைத்துக் கொடுத்தும் தம்பியைத் தையல் தொழிலுக்கு ஆளாக்கினார். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு பேச்சு மட்டும் மாறாது. "எல்லாம் ஆச்சு. ஆனா விட்டுப்போன வீடுதான்டி கண்ணுக்குள்ளயே நிக்குது."

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆத்தாவுக்கு மறதி வந்தது. முதலில் குழம்புக்கு இரண்டு தரம் உப்பு. பிறகு தம்பியைப் பார்த்து, "வண்டிக்கு மை போட்டாச்சா?" என்று அப்பாவைக் கேட்பதுபோல் கேட்டார். புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். நல்ல மனிதர். "இதுக்கு மருந்து இல்லம்மா, கூட ஆள் இருக்கணும். அதுதான் மருந்து" என்றார். தம்பிக்குத் தையல் கடை, அவன் மனைவிக்கு இரண்டு கைக்குழந்தைகள். ஆளுக்கு எங்கே போவது?

ஒரு காலையில் தம்பி மனைவி தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, ஆத்தா பரணிலிருந்து சிமிழை எடுத்தார். தாம்பாளத்தில் கொல்லைக் கொடியின் வெற்றிலையை அடுக்கிக்கொண்டு நேராக முக்கு வீட்டுக்குப் போய் நின்றார்.

"வர்ற வெள்ளிக்கிழம பெரியவளுக்குக் கல்யாணம். நீதான் முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும்."

அந்தப் பெரியவள் நான்தான். எனக்கு அப்போது மூன்று பிள்ளைகள்.

அத்தை வீட்டில் அந்த வாரம் நிஜமாகவே கல்யாணம். வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. அவர் பதறிவிட்டார். "வெறுங்கழுத்தோட குங்குமத்தத் தூக்கிக்கிட்டு கல்யாண வீட்டு வாசல்ல வந்து நிக்கிறீங்களே, ஒங்களுக்கே நல்லாருக்கா? போங்க அங்கிட்டு!" கதவு சாத்தப்பட்டது. ஆத்தா தெருவில் நின்றபடி, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "நான் ஏதாச்சும் மொறை தப்பி அழைச்சுட்டேனா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

இதை எழுதலாமா என்று அத்தையிடமே கேட்டேன். "எழுதுடி. எழுதாட்டி மட்டும் ஊருக்குத் தெரியாதா?" என்றார்.

அன்றே தம்பி கதவுக்கு வெளியே பூட்டு வாங்கிப் போட்டான். தகவல் கேட்டு ஓடிவந்த நானும், "சரி தம்பி, வேற வழியில்ல" என்றுதான் சொன்னேன். அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. உள்ளே ஆத்தா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். "வெளிய பூட்டுத் தொங்குற வீட்டுல எவன்யா பொண்ணு எடுப்பான்? தெறங்கய்யா, இன்னும் ஒரு வீடு கூட அழைக்கல." மூன்றாம் நாள் தட்டுவதை நிறுத்திவிட்டார். சோற்றையும் நிறுத்திவிட்டார். தட்டிய சத்தத்தைவிடத் தட்டாத சத்தம் பெரிது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அந்த வேளையில்தான் எதிர்வரிசை ராவுத்தர் வீட்டு அம்மா கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தார். மீமிசலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். எங்கள் ஆத்தாவுக்கு அவர் தங்கை முறை போல.

"என்ன தம்பி, அக்காவ ஆட்டுக்குட்டி மாதிரி அடைச்சுப் போட்டுருக்கே?"

"கெணத்துல விழுந்துட்டா என்னம்மா செய்யிறது? பஸ்ஸு போற ரோடு வேற. போற எடத்துல நாலு பேரு நாலு சொல்லுறாங்க."

"அழைக்க வந்தவங்களுக்கு 'வந்துர்றோம்'னு ஒரு வார்த்த. அதச் சொன்னா வாய் தேஞ்சா போகும்? தெற கதவ."

உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார். "அக்கா, எங்க வீட்டுக்கு இன்னும் அழைப்பு வரலையே. எங்கள விட்டுட்டீங்களா?"

ஆத்தா படக்கென்று எழுந்தார். "ஒங்கள விடுவனா?" என்று என்னிடம் திரும்பினார். "சிமிழு எங்கடி?"

"எங்களுக்குக் குங்குமம் வேணாங்க்கா, வெத்தல குடுங்க. வர்ற வெள்ளிக்கெழமதானே? வந்துர்றோம். எந்திரிங்க, அடுத்த வீட்டுக்குப் போவோம். அழைக்க ஒத்தையாப் போகக் கூடாதுல்ல?"

எங்கள் தெரு செய்த உதவி இந்த ஒரு பேச்சிலிருந்து முளைத்தது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. ராவுத்தர் வீட்டு அம்மா ஆத்தாவை அடுத்த வீட்டில் கொண்டுபோய் விட்டார். அந்த வீட்டுப் பெண் வெற்றிலை வாங்கி, உட்கார வைத்து, மோர் கொடுத்து, "இருங்க ஆத்தா, ஒத்தையாப் போகாதீங்க" என்று அதற்கடுத்த வீட்டுக்குக் கூட வந்தார். இப்படியே கைமாறிக் கைமாறித் தெருவைச் சுற்றி ஆத்தா வீடு வந்து சேர்வார். மறுநாள் காலை மறுபடி முதல் வீடு. நான்கு வருஷம் நடந்தது இது. கிணற்றடியிலும் பஸ் ரோட்டிலும் ஆத்தா ஒரு நாள்கூடத் தனியாக நின்றதில்லை.

குங்குமத்தைப் பற்றி ஓரிருவர் முணுமுணுத்தது உண்டு. தெருவில் மூத்த ஒருவர், "பெத்தவ கையில இருக்குற குங்குமத்துக்கு ஏதுடி தோஷம்?" என்று தானே எடுத்துத் தன் மருமகளுக்கு வைத்துவிட்டார். பேச்சு அதோடு அடங்கியது. கேலியும் இல்லாமல் இல்லை.

"பந்தியில பாயசம் உண்டா ஆத்தா?"

"ஒனக்கு மட்டும் ரெண்டு கரண்டி. போன கல்யாணத்துல நீ குடிச்சத நான் பாத்தேன்ல."

"மாப்பிள்ளைக்கு மீசை இருக்கா?"

"இருக்கு. ஒன் வீட்டுக்காரனுக்கு மாதிரி எலி கத்தரிச்ச மீசை இல்ல."

மறதி எல்லாவற்றையும் கொண்டுபோனது. அந்த வாயை மட்டும் விட்டு வைத்தது.

ஒரே ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. கூடப் போகிற பெண்கள் முக்கு வீட்டைச் சுற்றிக் கூட்டிப்போகப் பார்ப்பார்கள். ஆத்தா நகரமாட்டார். "மொத வீட்ட விட்டுட்டு எப்படிடி போறது?" சாத்திய கதவுக்கு முன்னால் படியில் இரண்டு வெற்றிலை வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். "எங்க வீட்டுல இப்ப வெத்தல வாங்குறதே இல்ல" என்று அத்தையின் மருமகள் கிணற்றடியில் சொல்லிச் சிரித்தாள். அப்படியானால் அத்தை அதை எடுத்துப் போட்டுக்கொள்கிறார் என்றுதானே அர்த்தம்?

பல மாதங்கள் கழித்து ஒரு சித்திரை வெயிலில் நானும் கூடப் போயிருந்தேன். ஆத்தா படியில் வெற்றிலையை வைத்தார். வழக்கம்போல் திரும்பவில்லை. கதவைப் பார்த்துச் சொன்னார்: "நீ தெறக்காட்டியும் பரவால்ல. அன்னைக்கு ஒன்ன விட்டுட்டேன். நம்ம ஆளுதானேன்னு விட்டுட்டேன். அதான் இப்ப மொதல்ல இங்க வாரேன்."

கதவு திறந்தது. அத்தை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினைந்து வருஷத்துக் கோபம் முகத்தில் இன்னும் போகவில்லை.

"இத அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மதினி? நான் என்ன சோத்துக்கா அழுதேன்?"

"இப்பச் சொல்லுறேன்ல. வர்ற வெள்ளிக்கிழம."

அத்தை படியிறங்கி வந்தார். ஆத்தா கையிலிருந்த தாம்பாளத்தைத் தான் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "நீ வீட்டுக்குப் போடி. கல்யாணப் பொண்ணா கூடவே வந்து அழைக்கிறது?" என்றார். இருவரும் முன்போலவே நடந்து போனார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தை நிஜமாகவே வந்துவிட்டார். பட்டுச் சேலை, தலையில் பூ, கையில் ஒரு சொம்புப் பால். முற்றத்தில் உட்கார்ந்திருந்த ஆத்தா ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கிட்டுக் கெளம்பிட்ட, இம்புட்டு அலங்காரமா?"

"ஒங்க மக கல்யாணத்துக்குத்தான் மதினி."

"அடிப் பாவி! அவ கல்யாணம் முடிஞ்சு, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதுங்க. ஒனக்கு என்ன, புத்தி பெசகிப்போச்சா?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, அது வேறு அழுகையாக மாறியதை நாங்கள் பார்க்காததுபோல் இருந்தோம். ஆத்தா மருமகளை அழைத்தார். "எலையப் போடு. தெரியாம வந்துட்டா, பாவம். வந்தவள வெறும் வயித்தோடயா அனுப்புறது?" அன்றைக்கு ரசமும் கத்தரிக்காய்க் கூட்டும்தான். ஆத்தா தன் கையால் பரிமாறினார். என் கல்யாணச் சாப்பாட்டை முக்கு வீட்டு அத்தை அன்றுதான் சாப்பிட்டார்.

மறுநாள் ஆத்தா மறுபடி அழைக்கப் போனார். அத்தை தாம்பாளத்தோடு வாசலில் தயாராக நின்றார்.

சென்ற ஆண்டு ஒரு விடியலில், தூக்கத்திலேயே ஆத்தா அடங்கிவிட்டார். நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்குக் கேட்டால் போ என்பார்கள். கேட்கும்வரைகூட எங்கள் தெரு பொறுக்கவில்லை. ஊருக்குச் சொல்லிவிட ஆளைத் தேடித் தம்பி வாசலுக்கு வந்தபோதே பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். "ஆத்தாவ இன்னும் காணலையேன்னு பாக்க வந்தோம்." எல்லாருக்கும் முன்னால் முக்கு வீட்டு அத்தை. தலைமாட்டில் உட்கார்ந்து, "அழைக்க வரலையேன்னு நானே வந்துட்டேன் மதினி" என்றார்.

முதலில் கதவைத் திறக்கச் சொன்ன ராவுத்தர் வீட்டு அம்மாவுக்கும், மோரும் நிழலும் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும், அலுக்காமல் "வந்துர்றோம்" என்று சொன்ன ஒவ்வொரு வாய்க்கும், பூட்டைக் கழற்றிக் கிணற்றில் எறிந்த என் தம்பிக்கும், அவன் மனைவிக்கும் எங்கள் குடும்பம் தலைமுறைக்கும் கடமைப்பட்டது.

மலரைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்றான் தம்பி. நான் ஒப்பவில்லை. இதை உங்கள் கையில் கொடுக்க நானும் முக்கு வீட்டு அத்தையும் வீடு வீடாக வருகிறோம். அத்தை முன்னால் நடப்பார். நான் மறந்த வீட்டை அவர் சொல்வார்.

இப்படிக்கு,
மூத்த மகள்